ஒன்பது சென்டிமீட்டர்

மினேகோவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பொதுவாக, "நேத்து ராத்திரி நல்ல பனி" என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. "எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டுவிடுவாள். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறாள். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் கேட்டிருக்கிறாள். அவள் ஊரான ஒகுராசவாவில் அவளைத் தூரத்தில் பார்த்தாலே பனியைப் பற்றிய பேச்சை மாற்றிவிடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆனால் பனிக்காலம் வந்துவிட்டால் அதே ஆட்கள் அவள் எழுதும் பலகையைப் படிக்காமல் மலைப்பக்கம் கால் வைக்க மாட்டார்கள். ஊருக்கு மேலே, சாலை முடிகிற இடத்தில் ஒரு மலை விடுதி இருக்கிறது. அதன் முற்றத்தில் வெள்ளையடித்த சின்ன மரப்பலகை ஒன்று பனியின்மேல் கிடக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு மினேகோ அதன்மேல் விழுந்திருக்கும் புதுப் பனியை அளப்பாள், துடைப்பாள், மறுபடி மட்டமாக வைப்பாள். பக்கத்தில் மொத்த ஆழம் காட்டும் உயரமான கம்பம். காற்றையும் குளிரையும் சேர்த்து எல்லாவற்றையும் விடுதி வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதி, கடைசியில் மூன்று சொற்களில் ஒன்றைப் போடுவாள்: போகலாம், கவனம், வேண்டாம். சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு, வேலியும் காவலும் இல்லாத மித்சுமோரி மலையில் ஏறுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் அன்றைய நாள். பதினோரு குளிர்காலமாக அதைப் போடுவது அவள் கை.

அந்த ஜனவரிக் காலையில் அவள் தன் கணவன் தெய்ஜியோடு வண்டியில் மேலே வந்தபோது இன்னும் விடியவில்லை. சாலையை இயந்திரம் வைத்து வழித்துவிட்டிருந்தார்கள். தெய்ஜி மலை வழிகாட்டி. செண்டாய் நகரத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அவர்களைக் கரடிக் கிண்ணம் வழியாக மேல் முகட்டுக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். கரடிக் கிண்ணம் என்பது மரமே இல்லாத பெரிய குழிந்த சரிவு. காற்று முகட்டிலிருந்து வாரிக்கொண்டு வருகிற பனியையெல்லாம் அங்கேதான் கொட்டும்.

மினேகோ நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். முற்றம் வழக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது. வெள்ளைப் பலகையில் அளவுகோலை நட்டாள். ஒன்பது சென்டிமீட்டர்.

அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் ஊர்ப் பனி, மலைப் பனி என்று இரண்டு உண்டு. வடமேற்குக் காற்று மெதுவாக வந்தால், கடலிலிருந்து தூக்கி வந்ததை ஊரிலேயே இறக்கிவிடும். வேகமாக வந்தால் ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மலைக்குப் போய்விடும். நேற்று மாலை காற்று அடித்த அடிக்கு இது மலைப் பனி என்றுதான் அவள் நினைத்திருந்தாள், நாற்பது சென்டிமீட்டராவது இருக்கும் என்று மனசுக்குள் போட்டும் வைத்திருந்தாள். ஆனால் மனசு சொல்வதும் கோல் சொல்வதும் வேறாக இருந்தால், அவள் எப்போதும் கோலின் கட்சி.

கம்பத்தைப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். கம்பத்தின் எண்களைக் காற்றடித்த பனி அப்பி மூடியிருந்தது. சுரண்ட வேண்டுமானால் அந்தப் பக்கம் இடுப்பளவு புதைந்து போக வேண்டும். மைனஸ் பதினொன்று குளிர். அவள் நேற்றைய இருநூற்று எண்பத்துநான்கோடு ஒன்பதைக் கூட்டி, இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று எழுதிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் இந்தச் சோம்பேறித்தனத்தை நாலைந்து தடவை செய்திருக்கிறாள். ஒரு தடவையும் அகப்பட்டதில்லை என்பதால் அது தப்பு என்றே அவளுக்கு மறந்து போயிருந்தது.

தெய்ஜி கரும்பலகையின் முன்னால் நின்று படித்தார். "ஒன்பதா?"

"ஒன்பதுன்னா ஒன்பதுதான். அளந்தது நான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலை, ஆனா புருவம் சொல்லுது. முகட்டுல காத்து அடிச்சிருக்கும், அதுக்குத்தான் 'கவனம்'னு போட்டிருக்கேன். போயிட்டு வாங்க."

அவர் சிரித்துக்கொண்டே, போகும் வழியையும் நேரத்தையும் எழுதிய சீட்டை வாசலில் இருந்த மரப்பெட்டிக்குள் போட்டார். இங்கே மலையேறும் யாரும் சீட்டுப் போடாமல் போவதில்லை. செண்டாய்க்காரர்கள் மூவரும் பின்னால் கிளம்பினார்கள். நாலு விளக்குகளும் காட்டுக்குள் போய் மறைந்தன. மணி ஆறு நாற்பது.

விடுதிக்காரம்மா முந்தின நாள் மகள் வீட்டுக்குக் கீழே போயிருந்தார். அவருக்குப் பதிலாக அவருடைய மாமா கிஹாச்சி இரண்டு நாள் விடுதியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். முப்பத்தெட்டு வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. பனி வாருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தன் வாசலை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசல், அதற்கும் அடுத்த வீட்டு வாசல் என்று போய்க்கொண்டே இருப்பார். காலையில் எழுந்து பார்த்தால் நம் வீட்டுப் பனி காணாமல் போயிருக்கும், யார் செய்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மினேகோ அடுப்போரம் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மிசோ சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். கோவிச்சுக்காதே."

"இருக்கட்டும் கிஹாச்சிசான். முற்றமெல்லாம் பளிச்சுனு இருக்கே, எப்ப எழுந்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு மணிக்கு. தூக்கம் எங்கே வருது? வாசல், எண்ணெய்த் தொட்டி, கழிப்பறைக்குப் போற வழி, அந்தச் சின்னக் கோயில் முன்னாடி, எல்லாம் முடிச்சேன். உன்னோட வெள்ளைப் பலகையைக்கூட விடலை. பாவம், தொடை உயரத்துக்குப் புதைஞ்சு கிடந்துச்சு. இடத்தை மட்டும் ஞாபகம் வச்சுத் தேடித் தோண்டி எடுத்து, நல்லாத் துடைச்சு, நீ வைக்கிற மாதிரியே திரும்ப வச்சுட்டேன்."

மினேகோவின் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகள் அப்படியே நின்றன.

"எத்தனை மணிக்கு?"

"பலகையா? நாலரை இருக்கும்."

நாலரையிலிருந்து ஆறு. ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது சென்டிமீட்டர். அப்படியானால் ராத்திரி முழுவதும்? சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையுறை போட மறந்து வெளியே ஓடினாள். இடுப்பளவு பனியில் நீந்துகிற மாதிரி கம்பத்துக்குப் போய், விரலாலேயே அப்பியிருந்ததைச் சுரண்டினாள்.

முந்நூற்று நாற்பத்தேழு.

ஒரே ராத்திரியில் அறுபத்து மூன்று. அதன்மேல் காற்று வாரிக்கொண்டு போய்க் கரடிக் கிண்ணத்தில் கொட்டியது எவ்வளவோ. ஒரு ஆளின் எடை பட்டால் போதும், மொத்தச் சரிவும் பாய் உருவின மாதிரி கழன்று வந்துவிடும். அவள் பெட்டியைத் திறந்து தெய்ஜியின் சீட்டை எடுத்தாள். குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: 'கரடிக் கிண்ணம், இடது விளிம்பு, எட்டு நாற்பது.' இப்போது மணி ஏழு பத்து.

வயர்லெஸ்ஸில் மூன்று தடவை கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. மலையில் கைப்பேசி எடுக்கவே எடுக்காது; மேலே போகிற பள்ளத்தாக்கு ஏறி முடிகிற வரைக்கும் வயர்லெஸ்ஸும் எடுக்காது. எடுக்கிற இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தால் கிண்ணம் அடுத்த அடியிலேயே இருக்கும்.

பின்னாலேயே ஓடிவந்த கிஹாச்சிக்கு விஷயம் இப்போதுதான் புரியத் தொடங்கியிருந்தது. "நான் ஒரு நல்லது செய்யப் போயி..."

"உங்களை யாரு செய்யச் சொன்னாங்க? ஊர்ல இருக்கிற பனியெல்லாம் உங்க சொத்தா? ஒரு பிடி பனியைச் சும்மா கிடக்க விட உங்களால ஆகாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்ததும் மினேகோவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி அவள்மேலேயே திரும்பியது. பலகையைத் துடைத்தவர் அவர். கம்பத்தைச் சுரண்டாமல் கூட்டிப் போட்டது யார்?

கரும்பலகையில் தப்பை அழிப்பது அவளுக்கு வழக்கமில்லை. ஒன்பதின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் அறுபத்து மூன்று என்று எழுதி, 'கவன'த்தையும் அடித்து, 'வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டாள். கீழே தன் பெயரையும் நேரத்தையும் எழுதினாள்.

"இங்கேயே நில்லுங்க. யாரு வந்தாலும் மேலே விடாதீங்க. இன்னும் அரை மணி கழிச்சு வயர்லெஸ்ல மறுபடி கூப்பிடுங்க. ஒன்பது மணி வரைக்கும் என்கிட்டேருந்து சத்தம் இல்லைன்னா கீழே மீட்புக் குழுவுக்குச் சொல்லிடுங்க."

"சரிம்மா."

"அந்தப் பலகைகிட்ட மட்டும் போயிடாதீங்க. போனீங்கன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்றார் கிஹாச்சி.

மினேகோ சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நாற்பத்தெட்டு வயசுக்கு அவள் கால்கள் மோசமில்லை. நாலு பேர் போன தடம் முன்னாலேயே இருந்ததால் வழியும் சிரமமில்லை. அந்தத் தடத்தின் ஆழம்தான் அவளைக் கலங்கடித்தது. வாய்க்கால் வெட்டின மாதிரி முழங்காலுக்குமேல் இருந்தது. இவ்வளவு புதைந்து போகிறவருக்கு ஒன்பது சென்டிமீட்டரா என்று தோன்றாதா? தோன்றியிருக்கும், அவர் என்ன பச்சைக் குழந்தையா? ஆனால் பயம் வந்த மனசுக்கு நியாயம் ஏறாது. பெண்டாட்டி எழுதினது என்று நம்பிப் போயிருந்தால்? செண்டாய்க்காரர்கள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று அவரை நெருக்கியிருந்தால்?

எட்டு குளிர்காலத்துக்கு முன்னால் அதே கிண்ணத்தில் பனி சரிந்து ஒருவன் போய்ச் சேர்ந்தான். இருபத்தாறு வயசு. நாலு நாள் தேடினார்கள். அன்றைக்குக் கரும்பலகையில் 'வேண்டாம்' என்று இருந்தது, அவன் கேட்கவில்லை. மினேகோ அழுதாள், ஆனாலும் ராத்திரி அவளுக்குத் தூக்கம் வந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு ஆறுதல் இருந்தது. இன்றைக்கு அந்த ஆறுதல் கிடையாது. இன்றைக்கு ஏதாவது நடந்தால் அது அவள் எழுதிக் கொடுத்து நடந்ததாக இருக்கும், அதுவும் இருபத்து மூன்று வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கின மனிதருக்கு.

பாதி வழியில் காலுக்குக் கீழே 'உம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. அடியில் இருக்கிற பலவீனமான படலம் நசுங்கி உட்காருகிற சத்தம். மலைக்காரர்கள் யாருக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. அங்கே மட்டமான இடம், மரங்களும் நிறைய இருந்தன, அதனால் ஒன்றும் ஆகவில்லை. மேலே சரிவில் இதே சத்தம் வந்தால் அதற்கப்புறம் வேறு சத்தம் கேட்க ஆள் இருக்காது. அவள் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஏறினாள். மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் வந்தது, குளிரினால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

எட்டேகாலுக்கு வெள்ளைப் பட்டை மரக் காடு முடிகிற இடம் தெரிந்தது. அதைத் தாண்டினால் கிண்ணம். தடம் எங்கே திரும்புகிறது என்று பார்ப்பதற்குள் அவள் காதில் சிரிப்புச் சத்தம் விழுந்தது.

கடைசி மரங்களுக்குக் கீழே நாலு பேரும் இருந்தார்கள். ஆள் நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி தோண்டியிருந்தார்கள். குழியின் சுவர் கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருந்தது, படலம் படலமாகத் தெரிந்தது. தெய்ஜி குழிக்குள் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் முதுகுப் பைகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் போனவர்கள் மாதிரி இல்லை, பூங்காவுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

மினேகோ மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உயிரோடு, முழுசாக, மூக்கு நுனி சிவந்து நிற்பதைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை. அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு கோபமும் வந்தது.

"அறுபத்து மூணு" என்றாள். "நான் எழுதினது தப்பு. அறுபத்து மூணு."

"இங்கே எழுபத்து ஒண்ணு" என்றார் தெய்ஜி. "நாப்பது சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு படலம் சர்க்கரை மாதிரி உதிருது. மேலே போறதில்லைன்னு அப்பவே முடிவு பண்ணிட்டோம். இந்தக் காட்டுக்குள்ளேயே சறுக்கிட்டு இறங்கலாம்னு இருக்கோம்."

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

"கிளம்பிப் பத்து நிமிஷத்துல. கால் முட்டி வரைக்கும் போகுதே."

"அப்புறம் குழி எதுக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "குழி எப்பவும் தோண்டுவேன்."

"எப்பவும்னா?"

"எப்பவும்னா எப்பவும்தான். நீ எழுத ஆரம்பிச்ச நாள்லேருந்து."

பதினோரு குளிர்காலம். ஒரு நாள்கூட அவள் எண்ணை மட்டும் நம்பி அந்த மனிதர் சரிவில் கால் வைத்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு நீ போட்டது சரியா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறார். எப்படிச் சரி என்று தெரிந்தது என்று அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை. ஊரையெல்லாம் எத்தனை சென்டிமீட்டர் என்று குடைகிறவள், வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டாள். சுருக்கென்றுதான் இருந்தது.

செண்டாய்க்காரர்களில் ஒரு பெண் இருந்தாள், ஓனுகி என்று பெயர், மருந்துக்கடை வைத்திருப்பவள். அவள் எழுந்து வந்து மினேகோவின் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"நீங்கதான் பலகை எழுதறவங்களா? உங்களுக்காகத்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கோம்."

"எனக்காகவா?"

"ஆமாங்க. ஏழே முக்காலுக்கே இங்கே வந்துட்டோம். இவரோட வயர்லெஸ் பேட்டரி குளிர்ல செத்துப்போச்சு, கீழே சொல்ல வழியில்லை. குழி தோண்டிப் பார்த்துட்டு, சரி, சறுக்கலாமான்னு கேட்டோம். இவரு விடலை. 'எழுதினவ தப்பைக் கண்டுபிடிச்சிருப்பா, இந்நேரம் ஏறி வந்துக்கிட்டு இருப்பா. நாம வேற பக்கம் இறங்கிட்டா நம்மளைத் தேடிக்கிட்டு அவ தனியாக் கிண்ணத்துக்குள்ள போயிடுவா. அவ வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது'ன்னாரு. ஒரு நம்பருக்காக யாராவது இவ்வளவு தூரம் ஏறி வருவாங்களான்னு நான்கூடக் கேலி பண்ணினேன். மன்னிச்சுக்கங்க."

தெய்ஜி குழியின் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்து மூன்று வருஷமாக வெட்கம் வந்தால் அவர் செய்கிற வேலை அதுதான், எதையாவது தடவிக்கொண்டு நிற்பது.

மினேகோ சறுக்குக் கட்டையைக் கழற்றினாள், குழி விளிம்பில் உட்கார்ந்தாள், கால்களை உள்ளே தொங்கவிட்டாள். மனசு நிறைந்து, ததும்பி, அதற்குமேல் இடமில்லாமல் இருந்தது. வயர்லெஸ்ஸை எடுத்தாள். இந்த உயரத்தில் அது சுத்தமாக எடுத்தது.

"கிஹாச்சிசான், எல்லாரும் நல்லா இருக்காங்க."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் வந்தது. பிறகு, "ரொம்ப நல்லதும்மா. இங்கே ரெண்டு பேரு வந்தாங்க, திருப்பி அனுப்பிச்சுட்டேன். மறுபடி கொட்டுது. வாசல்ல ஒரு சாண் சேர்ந்துடுச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"வாசலை வாருங்க. வாசலுக்கு ஒண்ணும் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். மினேகோவும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை குளிர் என்று யாரிடமும் சொல்லவில்லை. மேலே மேகம் கொஞ்சம் விலகி, கிண்ணத்தின் மேல்விளிம்பு தெரிந்தது. காற்று அங்கே பனியைப் புகைபோல வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"கோபமா?" என்று தெய்ஜி மெதுவாகக் கேட்டார்.

"ஆமா."

"குழி தோண்டினதுக்கா, சொல்லாம இருந்ததுக்கா?"

மினேகோ யோசித்தாள். நேற்றுக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் என்று சொல்லியிருப்பாள்.

"சொல்லாம இருந்ததுக்கு" என்றாள். "நாளைக்கும் தோண்டணும். நான் என்ன எழுதியிருந்தாலும் சரி, தோண்டிப் பார்த்துட்டுத்தான் நீங்க காலை வைக்கணும்."

"சரி" என்றார் தெய்ஜி. குழியிலிருந்து ஏறுவதற்குக் கையை நீட்டினார், அவள் பிடித்து இழுத்தாள்.